ஃபோன் பிடிக்கிறவள்

அடி அண்ணாமலை,
24.6.2024

அன்புள்ள தமிழ் அக்காவுக்கு,

தென்றல் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டதா? ராசிபுரத்துத் தண்ணீரில் உன் முடி கொட்டுகிறதாமே, பெரியம்மா தினமும் சொல்லி வருத்தப்படுகிறார்.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பகலில் எழுதினால் “யாருக்கு எழுதுற, இன்னா எழுதுற” என்று கவியா வந்து நிற்பாள். ஆறாம் வகுப்பு படிக்கிறவளுக்கு இந்த வீட்டில் இப்போது தெரியாதது எதுவும் இருக்கக் கூடாது.

முதலில் உன் பொருள். விடுதியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று, கிளம்பிய அன்று என் பையில் திணித்தாயே, அந்த ஃபோன் பத்திரமாக இருக்கிறது. பழைய பாவாடையில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை, அம்மா குளிக்கப் போகும்போது சார்ஜ் போடுகிறேன். அது கிணற்றில் விழுந்துவிட்டது என்று நீ சொன்னதைப் பெரியப்பா இன்னும் நம்புகிறார். “எம் பேர்ல சிம்மு வாங்கி, எம் பொண்ணு தவளைக்குக் குடுத்துட்டா” என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

இனி சேதி. போன பௌர்ணமிக்குக் கடையில் கூட்டம் ஜாஸ்தி. மலை சுற்றி வருகிறவர்கள் எல்லோரும் நம் கடைக்கு வந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், இன்னும் எவ்வளவு தூரம் என்று. அப்பா பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டார். நான் கவியாவுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். “எவ்ளோ தூரம்னு கேக்காதீங்க, ஒரு பன்னீர் சோடா குடிங்க, தூரம் கம்மியாயிடும்!” அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சொன்னாள். நான் அம்மாவின் ஃபோனில் எடுத்தேன். அம்மா நம் சேனலில் போட்டார். மூன்று நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் அக்கா.

நேற்று காரிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம், “பாப்பா, அந்த டயலாக்கைச் சொல்லு” என்றது. அவள் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த வரி என்னுடையது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்று இல்லை. சும்மா உனக்குச் சொன்னேன்.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
தென்றல்


ராசிபுரம்,
7.7.2024

அன்புத் தங்கை தென்றலுக்கு,

நலமே இருக்கிறேன். சித்தப்பா, சித்தி, கவியா எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். இந்தக் கடிதம் வீட்டு முகவரிக்கு வருவதால் அனைவரும் படிப்பீர்கள் என்று தெரியும். அனைவருக்கும் வணக்கம்.

காலை நாலரைக்கு மணி அடிக்கிறார்கள். படுக்கும்போது பதினொன்று. நடுவில் எனக்குத் தெரிந்த உலகம் ஒரு வேப்பமரமும் தயிர் சாதமும்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கடிதம் எழுத விடுகிறார்கள். வார்டன் அம்மா பிரித்துப் படிப்பதில்லை. யாரிடமிருந்து வந்தது என்று உறையை மட்டும் பார்ப்பார்.

ஆறு லட்சமா! என் அறையில் இருக்கிற ஏழு பேரிடமும் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை.

என் இயற்பியல் நோட்டு உன்னிடம் இருக்கிறதல்லவா? வாரம் ஒரு முறை எடுத்துத் தூசி தட்டி வை. திறந்து படிக்காதே. உன் பாடத்துக்கு அது ஆகாது.

கவியாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
தமிழ்செல்வி


அடி அண்ணாமலை,
16.7.2024

அன்பு அக்காவுக்கு,

சுகமா? இங்கே சுகம். முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் போஸ்ட்மேன் அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைக் கையில் வாங்கிய மாத்திரத்தில், “இந்தக் காலத்துலயும் லெட்டரு! இத வீடியோ போட்டா எப்படிப் போவும் தெரியுமா?” என்றார். கவியாவுக்குத் தலை வாரி, பூ வைத்து, கடை வாசலில் உட்கார வைத்து உன் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். ஃபோன் பிடித்தது நான்தான். வேப்பமரமும் தயிர் சாதமும் வந்த இடத்தில் அவள் குரலைத் தாழ்த்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சொல்லித் தரவில்லை. தானாகவே செய்தாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். இயற்பியல் நோட்டையும் படித்துவிட்டாள். “அக்கா, நீ பயோ-மேத்ஸ்தானே, தமிழ் அக்கா நோட்டு ஏன் ஒனக்கு ஆகாது?” என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இனி வேங்கிக்காலில் என் தோழி உண்ணாமலை வீட்டு முகவரிக்கு எழுது. உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அவள் பள்ளியில் என்னிடம் கொடுத்துவிடுவாள்.

இன்னொன்று. தேரடி வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு விளம்பரம் எடுத்தார்கள். “எவ்ளோ விலைன்னு கேக்காதீங்க, ஒரு தடவ கட்டிப் பாருங்க” என்று என் வரியை மாற்றி வைத்துக்கொண்டார்கள். கவியாவுக்கு அரக்கு நிறப் பட்டுப் பாவாடை. நான் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன், அவள் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக. விளம்பரம் எடுக்கிறவர் அம்மாவிடம் கேட்டார், “இவங்க யாரு?”

“பெரியவ. ஃபோன் புடிப்பா.”

அவ்வளவுதான் சொன்னார் அக்கா. அதற்கு மேல் சொல்ல அம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பில் நான் தமிழில் தொண்ணூற்றெட்டு வாங்கியது கூட.

இப்போது பேருந்து நிலையத்தில் பேனர் வைத்திருக்கிறார்கள். தினமும் பள்ளிக்கு அதன் அடியில்தான் நடந்து போகிறேன்.

தென்றல்


ராசிபுரம்,
28.7.2024

தென்றலுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

போன ஞாயிறு பெற்றோர் வரும் நாள். யாரோ ஒருத்தியின் அம்மா என்னைப் பார்த்து, “நீதான அந்தத் தயிர் சாதம் பொண்ணு?” என்றார். மெஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். வார்டன் அம்மாவுக்கும் சேதி போய், விடுதிச் சாப்பாட்டைக் குறை சொன்னதாக அரை மணி நேரம் நிற்க வைத்தார். இப்போது என் பெயரே தயிர்சாதம்.

கோபம் வந்தது. பிறகு யோசித்தால் எனக்கு வந்தது முழுக்கக் கோபம் இல்லை. என் வேப்பமரத்துக்கு நாற்பதாயிரம் பேர், ஆனால் அவர்கள் பார்த்தது கவியாவின் கண்ணீரை. எழுதினது நான், அழுதது அவள். உன் பன்னீர் சோடா வரிக்கு அவளுக்குக் கை தட்டியபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன் தென்றல். அவள் சின்னப் பெண். பேனரை வைத்தது அவள் இல்லை.

இயற்பியல் நோட்டு என்று எழுதி, ஃபோனைத் திறக்காதே என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? என் கேள்விக்கு நீ பதிலே எழுதவில்லை.

தமிழ்


அடி அண்ணாமலை,
22.8.2024

அன்பு அக்காவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் இடைப்பருவத் தேர்வு எப்படி இருந்தது? நன்றாக எழுதியிருப்பாய்.

ஆவணிப் பௌர்ணமி முடிந்தது. கடையில் நிற்க இடமில்லை. கவியாவோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை. மலையைச் சுற்ற வந்தவர்கள் இவளைச் சுற்றி நிற்கிறார்கள்.

ஒவ்வொரு வீடியோ போட்ட பிறகும் அம்மா அவளுக்குத் திருஷ்டி கழிக்கிறார். கழிக்கிறார் என்றால் அம்மா கழிப்பதில்லை. அதையும் வீடியோ எடுக்க வேண்டுமே, அதனால் அம்மா ஃபோன் பிடிக்க, நான் உப்பும் மிளகாயும் வைத்துச் சுற்றுகிறேன். படத்தில் என் கை மட்டும் வரும். “ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு” என்று அம்மா சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நெருப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. “பாத்தியா, ஒரு கமறல் உண்டா? எவ்ளோ கண்ணு பட்டிருந்தா இப்படி! எவ கண்ணோ!” என்றார் அம்மா. என் முகம் சூடாகிவிட்டது. நெருப்பின் பக்கத்தில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

சேனலில் ரேணுகாம்பாள் என்று ஒருத்தி ஒரு கருத்துப் போட்டிருக்கிறாள். படவேட்டுக்காரியாம். “இந்தச் சிறுமி சொந்தமாகப் பேசவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறாள். கேமராவைப் பார்க்காமல் இடப்பக்கம் பார்த்துப் பேசுகிறாள். ஆறு மாதத்தில் எல்லோருக்கும் அலுத்துவிடும்.” அம்மா சாப்பிடும்போது கருத்துகளை உரக்கப் படிப்பது வழக்கம். இதைப் படித்ததும் தட்டை நகர்த்திவிட்டார். “வவுத்தெரிச்சல் புடிச்சவ! இவ வூட்ல ஒரு கொழந்த இருந்தா இப்படி எழுதுவாளா?” அப்பா, “வுடு, ஆயிரம் பேர்ல ஒருத்தி” என்றார். கவியா ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

யாராக இருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

தென்றல்


ராசிபுரம்,
1.9.2024

தென்றலுக்கு,

நலம். தேர்வு பரவாயில்லை.

ரேணுகாம்பாளுக்கு நல்ல கூர்மையான கண். கவியா இடப்பக்கம் பார்ப்பதை நானும் கவனித்திருக்கிறேன். வசனம் மறந்தால் உன்னைப் பார்ப்பாள். நீ ஃபோனைப் பிடித்துக்கொண்டு எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பாய். எழுதிக் கொடுக்கிறவள் அந்தப் பக்கம்தான் நிற்கிறாள் என்பது படவேட்டில் இருப்பவளுக்குத் தெரிய வழியில்லை.

நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். எந்த ஃபோனிலிருந்து எழுதினாய்?

தமிழ்


அடி அண்ணாமலை,
29.9.2024

அக்கா,

நலமா என்று கேட்கவே கை வரவில்லை. நான்கு வாரம் எழுதாமல் இருந்ததற்கு உன் கேள்விதான் காரணம்.

உன் ஃபோனிலிருந்துதான். உன் எண்ணில்தான் அந்தக் கணக்கை ஆரம்பித்தேன். வீட்டு வைஃபையில் திறந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பேருந்து நிலையத்தில் பேனருக்கு மாலை போட்டிருந்தார்கள் அன்று. ஒரே ஒரு கருத்து எழுதிவிட்டு அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ரேணுகாம்பாள் என்று பெயர் வைத்தது, ஒரு தலைமையாசிரியை மாதிரி கண்டிப்பாக இருக்கட்டும் என்று.

ஆனால் அன்று இரவே கவியா, அம்மாவின் ஃபோனிலிருந்து அந்தக் கணக்குக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். “ஆன்ட்டி, வணக்கம். நான் எந்தப் பக்கம் பாக்கணும்? சொல்லுங்க, சரி பண்ணிக்கிறேன்.”

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “கேமராவின் நடுவில் இருக்கும் வட்டத்தைப் பார்” என்று எழுதினேன். மறுநாள் பார்த்தாள். நான் நான்கு மாதமாகச் சொல்லியும் கேட்காதவள், முகம் தெரியாத ஒருத்தி சொன்னதும் பார்த்தாள். எனக்கு எவ்வளவு எரிந்தது தெரியுமா?

பிறகு தினமும் எழுத ஆரம்பித்தாள். பௌர்ணமியில் விடிய விடிய நின்றால் கெண்டைக்கால் வலிக்கிறதாம். வகுப்பில் பையன்கள் “ஏய் சோடா, ஏய் சோடா” என்று கூப்பிடுகிறார்களாம். டயலாக் சொல்லச் சொல்லி யாராவது கன்னத்தைப் பிடித்தால் குமட்டுகிறதாம். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது அக்கா. ஒரே அறையில், பக்கத்துப் பாயில் படுக்கிறோம். அவள் போர்வைக்குள் அம்மாவின் ஃபோனில் தட்டுவாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, உன் ஃபோனில் பதில் எழுதுவேன். மூன்று முழம் தூரம்கூட இல்லை.

ஒரு நாள் எழுதினாள்: “டயலாக் எல்லாம் எங்க அக்காதான் எழுதுவா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அக்காவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.”

பிறகு, “நீங்க மட்டும்தான் எங்கிட்ட உண்மையப் பேசறீங்க. நீங்க எனக்கு அக்காவா இருந்திருக்கலாம்.”

முன்னால் எனக்குக் கவியாமேல்தான் பொறாமை. இப்போது ரேணுகாம்பாள்மேல். சிரிக்காதே. அவளுக்கு ஏதாவது நல்லதாக எழுதும்போது கவியா இதயம் இதயமாக அனுப்புகிறாள். விடிந்ததும் என் முகத்தைப் பார்த்து, “அக்கா, என் ரிப்பன எங்க வெச்ச” என்பதோடு சரி.

வருகிற பௌர்ணமிக்கு நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். என்ன பதில் எழுதுவது? உடனே சொல்.

தென்றல்


ராசிபுரம்,
6.10.2024

தென்றல்,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்த நிமிடமே அந்தக் கணக்கை அழித்துவிடு. கவியாவுக்கு ஒரு வார்த்தையும் எழுதாதே. போகாதே என்றும் சொல்லாதே, போ என்றும் சொல்லாதே. எதையாவது சொல்ல வேண்டும் என்றால் உன் வாயால் சொல், பக்கத்துப் பாயிலிருந்து.

சிம் என் அப்பா பெயரில் இருக்கிறது. புரிகிறதா? அவர் என்னை இங்கே சேர்த்தது வயல் குத்தகையை முன்கூட்டி வாங்கி. நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் எனக்குக் கல்லூரி கிடையாது. உனக்கு இது பொறாமை. எனக்கு இது படிப்பு.

உடனே செய்.

தமிழ்செல்வி


அடி அண்ணாமலை,
21.10.2024

அக்கா,

உன் கடிதம் எனக்குப் பதினெட்டாம் தேதிதான் கிடைத்தது. உண்ணாமலைக்குக் காய்ச்சல். ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. பௌர்ணமி பதினேழு.

நான் எழுதிவிட்டேன் அக்கா. “பிடிக்கவில்லை என்றால் போகாதே. வயிறு வலிக்கிறது என்று சொல், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்” என்று.

கவியா அப்படியே சொன்னாள். பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு காரில் ஏறப் போகும்போது கீழே உட்கார்ந்துவிட்டாள். நகைக்கடைக்காரர்கள் வெளியே ஹாரன் அடிக்கிறார்கள். அம்மா முதலில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். பிறகு டாக்டருக்குப் போன் செய்யத் தன் ஃபோனை எடுத்தார். ரேணுகாம்பாள் அனுப்பிய செய்தியைக் கவியா அழிக்க மறந்திருந்தாள். மேலேயே இருந்தது.

அம்மா கத்திய கத்தலில் கடையிலிருந்த ஜனமெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தது. “யாரோ ஒருத்தி எங் கொழந்தைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுக்கறா! ராத்திரியில பேசியிருக்கா! பொம்பளையா ஆம்பளையான்னே தெரியல!” அப்பா ஓடிவந்து கவியாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்பா பயந்து நான் பார்த்ததே இல்லை. அந்த மாதிரி ஆட்களைப் பற்றி டி.வி.யில் வருகிறதே, அதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

நான் அங்கேதான் நின்றேன். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அப்போது பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “வுடக் கூடாதுடா குமரேசா. இன்னிக்கி ஒங் கொழந்த, நாளைக்கி எவன் கொழந்தையோ. சைபர் கிரைமுன்னு வேங்கிக்கால்ல ஆபீஸ் இருக்கு. நானே வரேன், வா. நம்பரக் கண்டுபிடிச்சு, அந்த ஆளு மூஞ்சியில நாலு அப்பு அப்பாம வர மாட்டேன்” என்றார்.

போனார்கள். புகாரில் முதல் கையெழுத்துப் பெரியப்பாவுடையது.

கணக்கை அழித்துவிட்டேன். உன் ஃபோனை அணைத்துச் சோடாப் பெட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கழிப்பறையில் நின்றுகொள்கிறேன். கவியா முகம் கொடுத்துப் பேசுவதில்லை யாரிடமும். நடு இரவில் எழுந்து, “ரேணு ஆன்ட்டிய அடிப்பாங்களா?” என்று கேட்டாள். தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

தென்றல்


ராசிபுரம்,
3.11.2024

தென்றலுக்கு,

தீபாவளிக்கு முதல் நாள் அப்பா வந்தார். பார்வையாளர் நாள் இல்லை. கையில் பலகாரம் எதுவும் இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

ஸ்டேஷனில் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, “இது யாருதுன்னு தெரியுமாங்க ஐயா?” என்று கேட்டார்களாம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாராம். கடைசி நான்கு எண் வரும்போதுதான் தன் வாயிலிருந்து வருவது என்னவென்று புரிந்ததாம். சித்தப்பா பக்கத்தில் நின்றிருக்கிறார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வண்டியில் போனவர்கள், தனித்தனியாகத் திரும்பினார்களாம். வீட்டு விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கே அனுப்பிவிட்டார்கள்.

வார்டன் அம்மாவின் அறையில் வைத்து என்னைக் கேட்டார். “ஃபோன் கெணத்துல இல்லியா?”

“இல்லப்பா.”

“நீயா எழுதுன?”

பத்து மணி வகுப்புக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் இங்கே ஃபோன் வைத்திருக்க முடியாது என்பது கூட அந்த நிமிடம் அவருக்குத் தோன்றவில்லை. உன் பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. “ஆமாப்பா” என்றேன். ஏன் என்று என்னைக் கேட்காதே. நல்ல மனசு என்றும் நினைத்துவிடாதே. அந்தத் தயிர்சாதம் வீடியோவை நானும் மறக்கவில்லை. நான் எழுதியிருக்கக் கூடியதுதான் அது.

“இந்த வருசத்தோட படிப்பு போதும்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, “அந்தக் கொழந்த மேல உனக்கு இன்னா கோவம் மே?” என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் படி இறங்கிப் போய்விட்டார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மிச்சம் உன்னுடையது. இனி நீயாக எழுதும்வரை நான் எழுத மாட்டேன்.

தமிழ்செல்வி


அடி அண்ணாமலை,
18.11.2024

அன்புள்ள தமிழ் அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் பகலில், கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.

உன் கடிதம் வந்த அன்று மாலையே பெரியப்பாவிடம் போனேன். மருந்தடிக்கிற டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். உன் ஃபோனை அவர் முன்னால் வைத்தேன்.

“அத எழுதுனது நான் பெரியப்பா.”

“எத?”

“ரேணுகாம்பாள்.”

“அவ ஒத்துக்கிட்டாளே.”

“பொய் சொன்னா.”

அவர் டேங்கைக் கவிழ்த்து வைத்தார். தண்ணீர் முழுக்க வடியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஃபோன் கெணத்துல வுழுந்துதுன்னா. அது பொய்யி. நாந்தான் எழுதுனேன்னா. அதுவும் பொய்யி. எந்தப் பொண்ணத்தான்டா நான் பெத்தேன்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்து, “குமரேசா! வாடா இங்க” என்றார். தீபாவளிக்குப் பிறகு அவர் அப்பாவைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா அறைந்தார். “சொந்த வூட்டுக் கண்ணா? அதுக்கா நான் உப்பு உப்பா வாங்கிப் போட்டேன்?” என்றார். இன்னொன்று விழும் என்று நின்றேன். விழவில்லை. அப்பா, “அந்த டயலாக் இவ எழுதுனதுன்னு ஒரு எடத்துல சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிருப்ப?” என்று அம்மாவைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அம்மா ரொம்ப நேரம் அடுப்பைத் துடைத்தார்.

மூன்றாம் நாள் அம்மாவே வந்து, “நீயும் கவியும் சேர்ந்து நின்னு, நடந்தத சொல்லி, நீ சாரி கேக்கற மாதிரி ஒண்ணு எடுப்பமா? நல்லாப் போவும்” என்றார். அது அம்மாவின் சமாதானம். எனக்குப் புரிந்தது. கவியா முடியாது என்று சொல்லிவிட்டாள்.

படிப்பை நிறுத்துவதாகச் சொன்னது கோபத்தில் வந்ததாம். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறார். பெரியம்மா முறுக்கு சுற்றுகிறார். அப்பாவும் வருகிறார், ஒரே வண்டியில்.

கவியாவிடம் நானே சொன்னேன். பல் துலக்கிக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷை எடுக்காமலே கேட்டாள். நான் எழுதிய அந்த முதல் கருத்துக்காகத் திட்டுவாள் என்று நினைத்தேன். “அப்போ ரேணு ஆன்ட்டி?” என்றாள். நான்தான் என்றேன். “நீ இல்ல. ரேணு ஆன்ட்டி எங்க இருக்காங்க?” அப்படி யாரும் இல்லை என்றேன். நுரை வழிய அப்படியே நின்றாள். அழவில்லை. பத்து நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று படுக்கும்போது என் தலையணையின் மேல் ஒரு கடிதம் இருந்தது. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தாள். என் பெயர் அதில் இல்லை. படித்தபின் அதைப் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இன்னும் பதில் எழுதவில்லை. இன்று எழுதியாக வேண்டும்.

உன் தங்கை,
தென்றல்


அன்புள்ள ரேணு ஆன்ட்டிக்கு,

நலம். நலமறிய ஆவல். கெண்டைக்கால் இப்போது வலிப்பதில்லை. இந்தப் பௌர்ணமிக்கு நான் கடையில் நிற்கவில்லை. அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் எங்கள் அக்காதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்கள் என்னிடம் நன்றாகப் பேசினீர்கள். அக்கா பேச மாட்டாள். நீங்கள் அவளாக இருந்தால், ஏன் வீட்டில் ஒரு தடவை கூட அப்படிப் பேசவில்லை?

நான் ஒப்பிக்கிறேன் என்று நீங்கள் எழுதியதற்குக் கோபம் இல்லை. அது உண்மைதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வயிறு வலிக்கிறது என்று சொல்லச் சொன்னது எனக்காகவா, இல்லை நான் இன்னொரு பேனரில் வந்துவிடக் கூடாது என்றா? தினமும் யோசிக்கிறேன். இரண்டும் என்றால் இரண்டும் என்று எழுதுங்கள். ஆனால் எது ஜாஸ்தி என்று எழுத வேண்டும்.

ஃபோனைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார். அதனால் தாளில் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். நான் தூங்காமல் பக்கத்துப் பாயில்தான் படுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கு. கவியா